இல்லாத முக்கோணம்

தாராசுரம்,
ஐப்பசி 14.

அன்பு மகள் கயலுக்கு அப்பா எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். நீ கேட்ட பட்டச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியல்களையும் பீரோவின் மேல்தட்டிலிருந்து எடுத்துப் பச்சைப் பையில் வைத்திருக்கிறேன். பச்சைப் பை என்றதும் அம்மா ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏன் என்று உனக்குத் தெரியும். நகல் போதாது, மூலச் சான்றிதழே வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்பதற்காக இந்தக் கடிதத்தையும் எழுதவில்லை. வேளைக்குச் சாப்பிடு. குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

பிராங்க்பர்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று நீ சொன்ன அன்று, தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள் அம்மா. எனக்கோ அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் ஒரு ரயில் பயணம்தான் நினைவுக்கு வந்தது. 1910-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வியன்னாவிலிருந்து ரைன் நதிப் பக்கமாக விடுமுறைக்குப் புறப்பட்ட மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர், வழியில் தோன்றிய ஒரு யோசனையால் உன் ஊரில் இறங்கி, படங்களைச் சுழற்றிக் காட்டும் விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கி, விடுதி அறையில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார் என்று சொல்வார்கள். பிறகு அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே அதை முறையாக ஆராய்ந்தார். கோலர், கோஃப்கா என்ற இரண்டு இளைஞர்கள் அவருடைய சோதனைகளில் பார்வையாளர்களாக உட்கார்ந்தார்கள். பின்னாளில் அவர்களும் பேரறிஞர்கள் ஆனார்கள். சோதனை மிக எளியது. ஓரிடத்தில் ஒரு கோடு தோன்றி மறையும். சற்றுத் தள்ளி இன்னொரு கோடு தோன்றி மறையும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நொடியின் ஆயிரத்தில் அறுபது பங்கு இடைவெளி விட்டால், பார்ப்பவருக்கு இரண்டு கோடுகள் தெரிவதில்லை. ஒரே கோடு அங்கிருந்து இங்கே நகர்வதாகத்தான் தெரியும். எந்தக் கோடும் நகரவில்லை. நகர்வு முழுவதும் பார்ப்பவரின் மனத்தில் நிகழ்கிறது. 1912-இல் அவர் வெளியிட்ட அந்தக் கட்டுரையிலிருந்துதான், மனம் துண்டுகளைச் சேர்த்து முழு உருவமாகவே பார்க்கிறது என்னும் கெஸ்டால்ட் உளவியல் கிளைத்தது. முழுமை என்பது உறுப்புகளின் கூட்டுத்தொகை அன்று, அது வேறொன்று என்று கோஃப்கா பின்னர் எழுதினார். முப்பத்தொரு ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்த எனக்கு, பிள்ளைகளின் கைகளில் நாள்தோறும் பார்த்ததை யாரோ வாயால் சொன்னதுபோல் இருந்தது அந்த வரி.

1923-இல் வெர்தைமர் எழுதிய கட்டுரையில் பெரும்பாலும் புள்ளிகளே இருக்கும். அருகருகே இருக்கும் புள்ளிகள் ஒரு குழுவாகத் தெரிகின்றன; ஒரே மாதிரியானவை ஒன்றாகச் சேர்கின்றன; ஒரே திசையில் ஒருசேர நகர்பவை ஒரே பொருளாகின்றன; கோடு ஒன்று வந்த போக்கிலேயே தொடர்வதாகக் கண் எடுத்துக்கொள்கிறது; சிறிது திறந்திருக்கும் வளையத்தை மனம் மூடிவிடுகிறது. அவர் காகிதத்தில் காட்டியதை உன் அம்மா அன்றாடம் வாசலில் காட்டுகிறாள். இன்று காலை ஐந்து புள்ளி சிக்குக் கோலம் போட்டிருந்தாள். இழையும் இழையும் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடத்திலும், இழை திரும்பிப் போவதாகவும் கொள்ளலாம், நேரே கடந்து போவதாகவும் கொள்ளலாம். ஆனால் திரும்புவதாக ஒருவருக்கும் தெரிவதில்லை. அம்மா உள்ளே போனதும் தூறல் விழுந்தது. வடக்குப் பக்கத்து வளைவு ஒன்றில் நாலு விரல் அளவுக்கு மாவு கரைந்துபோயிற்று. திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கோலம் முழுதாகவே தெரிந்தது. நாளிதழை எடுக்க இறங்கிக் குனிந்தபோதுதான், அந்த இடத்தில் வெறும் ஈரத் தரையும் ஓர் எறும்பும் இருப்பதைக் கண்டேன். கரைந்த துண்டை அதுவரை என் மனமே போட்டு வைத்திருந்திருக்கிறது.

சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நம் கோயிலில் காட்டுவேனே, யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும் சிற்பம், நினைவிருக்கிறதா? இரண்டாம் இராசராசன் காலத்துக் கல். காளையின் உடலைக் கையால் மறைத்தால் யானை; யானையின் உடலை மறைத்தால் காளை. கையை எடுத்தாலும் இரண்டையும் ஒரே நொடியில் பார்க்க முடியாது, மாறி மாறித்தான் தெரியும் என்று நான்கு வயதிலேயே நீ சொன்னாய். டென்மார்க்கின் உளவியலாளர் எட்கார் ரூபின் 1915-இல் கிண்ணமும் இரு முகங்களும் கொண்ட படத்தை வைத்து விளக்கியது இதற்கு நெருங்கிய உறவுள்ள செய்திதான். அங்கே எல்லைக்கோடு ஒன்று; அது எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்று மனம் முடிவுசெய்கிறதோ அந்தப் பக்கம் உருவமாகிறது, மறு பக்கம் வெறும் பின்னணியாகிவிடுகிறது. அன்று நீ சொன்னதை ஆசிரியர் அறையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இப்போது எங்கள் இருவருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது, கயல். ஆடி மாதத்திலிருந்து நீ காணொளியைத் திறப்பதில்லை, குரல் மட்டும்தான் வருகிறது. வேலை நாட்களில் இங்கே பிற்பகல் மூன்று மணிக்குப் பேசுகிறாய். அங்கே அது முற்பகல், அலுவலக நேரம். பிறகு இந்தச் சான்றிதழ்கள். மூன்றே புள்ளிகள். அவற்றை வைத்து அம்மா ஓர் உருவத்தைப் பார்க்கிறாள். நான் வேறோர் உருவத்தைப் பார்க்கிறேன். அவள் பார்ப்பதில் அவளுக்கு மகிழ்ச்சி. பரணில் இருந்த தொட்டில் கம்பியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். நான் பார்ப்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதுவே உண்மையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மாப்பிள்ளையிடம் கேட்கலாம் என்று இரண்டு முறை தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். எதுவானாலும் வேளைக்குச் சாப்பிடு என்று மட்டும் சொல்கிறேன். பெற்றவர்களிடம் மூன்று மாதம் முகம் காட்டாமல் இருப்பது சரியா என்றும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

மூன்று புள்ளிகளை நான் நம்பக்கூடாது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 1955-இல் இத்தாலியின் உளவியலாளர் கனிட்சா வரைந்த படம் ஒன்று உண்டு. மூன்று கறுப்பு வட்டுகள். ஒவ்வொன்றிலும் அப்பத்தில் வெட்டியெடுத்ததுபோல் ஒரு துண்டு இல்லை. வெட்டுகளை ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்துவிட்டால் நடுவில் ஒரு வெள்ளை முக்கோணம் எழுந்து நிற்கும். காகிதத்தைவிட வெண்மையாகவே தெரியும். அதன் விளிம்பை விரலால் தொட்டுக் காட்டலாம் போலிருக்கும். ஆனால் அங்கே கோடும் இல்லை, வெண்மையும் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் அது கண்ணைவிட்டுப் போவதில்லை.

நம் வீட்டில் ஒரு முறை அப்படியொரு முக்கோணத்தை நான் பார்த்தேன். நீ பன்னிரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டு. சாமி அலமாரி டப்பாவில் இருநூறு ரூபாய் குறைந்தது. சிறப்பு வகுப்பு என்று சொன்ன நாளில் உன் பையில் கும்பகோணம் பேருந்துச் சீட்டு இருந்தது. கடைத்தெருவில் ஒரு பையனோடு நீ நின்று பேசியதை எதிர்வீட்டு மாமா பார்த்திருந்தார். மூன்று வட்டுகள். நடுவில் இருந்ததை நான் அவ்வளவு வெளிச்சமாகப் பார்த்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ சொல்ல வாய் திறந்தபோது கை ஓங்கினேன். சென்னையில் கட்டடக் கலை படிக்க நீ நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தைக் கிழித்தேன். மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் ஒரு கல்லூரியில் சேர்த்தேன். கோடு போடத் தெரிந்த கை உனக்கு, அது என்னிடமிருந்து உனக்கு வந்தது, அதை நானே நிறுத்தினேன்.

அப்பாயியின் காரியம் முடிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, மருந்துச் சீட்டுகளுக்கு அடியில் கண்ணாடிக் கடை ரசீது ஒன்று கிடைத்தது. அதே தேதி. பழைய சட்டத்தை மாற்றிப் புதிய லென்ஸ் போட்டதற்கு இருநூறு ரூபாய். அம்மாவிடம் கேட்டபோது சொன்னாள்: பார்வை மங்குவது தெரிந்தால் மகன் ஆபரேஷன் செலவு என்று கவலைப்படுவான் என்று அப்பாயியே பணத்தை எடுத்துக்கொடுத்து, யாரிடமும் சொல்லக்கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம். அந்தப் பையன் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவன். நீ அடி வாங்கியும் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறாய். அப்பாயி அந்தப் புதுக் கண்ணாடியோடு உட்கார்ந்து என் கோபத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ரசீது கிடைத்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு முறை நீ ஊருக்கு வரும்போதும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்; விமானம் ஏறும்வரை சொல்லவில்லை. ரசீது என் சட்டைப் பையில் இருந்து இருந்து மடிப்புகளில் கிழிந்துவிட்டது. நான் செய்தது தவறு, கயல். தவறு என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய தவறு.

இதையும் எழுதிவிடுகிறேன். பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்து, பிறகு அவர்கள் பார்க்கக் கற்பதை ஆராயும் பிரகாஷ் திட்டத்தைப் பவன் சின்ஹா என்பவர் தில்லியில் நடத்திவருகிறார். அவர்கள் ஆராய்ந்தவர்களில் ஒருவர், கண்ணில் லென்ஸே இல்லாமல் பிறந்து, இருபத்தொன்பது வயதில்தான் கண்ணாடி பெற்றவர். கண்ணாடி போட்ட புதிதில் ஒரு வட்டமும் ஒரு சதுரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் படத்தைக் காட்டினால், இரண்டு உருவங்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. கோடுகள் அடைத்த ஒவ்வொரு துண்டும் அவருக்குத் தனிப் பொருளாகத் தெரிந்தது. ஆனால் அந்த உருவங்களை அசைத்துக் காட்டியதும், சேர்ந்து அசைவதெல்லாம் ஒன்று என்று உடனே பிரித்துச் சொன்னார். அசைவைப் பிடித்துக்கொண்டே பழகி, ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அசையாத படங்களையும் அவரால் பார்க்க முடிந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாயியின் கண்ணாடி நினைவாகவே இருந்தது.

சான்றிதழ்கள் நாளைக் காலைக் கூரியரில் வரும். பையை மாற்றித் துணி உறையில் வைக்கிறேன், அம்மாவுக்காக. இந்த ஞாயிற்றுக்கிழமை எந்த நேரமானாலும் காணொளியை ஒரு நிமிடம் திறந்து வை. நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நாங்களும் கேட்க மாட்டோம். எழுந்து போய்த் தண்ணீர் குடி, ஜன்னலைத் திற, தலையை வாரிக்கொள். நீ நடப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உன்
அப்பா