அடுத்த வீட்டுப் பிள்ளைக்கான மன்றாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

உயிர்ப்பு ஞாயிறுடன் தொடங்கும் பாஸ்குக் காலத்தின் நான்காம் ஞாயிறன்று இறை அழைத்தலுக்காக, அதாவது பிள்ளைகள் குருக்களாகவும் துறவிகளாகவும் முன்வர வேண்டுமென்று, செபிக்கும் வழக்கம் 1964இல் பாப்பரசர் ஆறாம் பவுல் தொடக்கி வைத்தது. எங்கள் பங்கிலும் அன்று உருக்கமாகத்தான் மன்றாடுகிறோம். ஆனால் நாம் குருவாகக் கேட்பது நம் பிள்ளையை அல்ல, அடுத்த வீட்டுப் பிள்ளையையே என்பது என் நெடுநாள் ஐயம்.

மறைக்கல்வி ஆசிரியனாக இருந்த காலத்தில், பூசை முடிந்து தூபக்கலசத்தின் கரியைத் தட்டிக்கொண்டிருந்த பீடப்பணியாளன் ஒருவன், சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் குருவாகப் பயிலச் சிறிய குருமடத்துக்குப் போக விரும்புவதாக என்னிடம் சொன்னான். அவனுடைய வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "சேர், இவன் போனா தங்கச்சிக்கு ஆரு வீடு கட்டுற?" என்று தாய் கேட்டார். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தே கலியாணம் செய்விக்கும் மட்டக்களப்பில் அது நியாயமான கேள்வி. பதில் தெரியாத நான், உயர்தரம் முடியட்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன். பின்னர் அவன் கட்டாருக்குப் போய் உழைத்து வீட்டைக் கட்டி முடித்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால், அழைத்தலை வளர்க்கும் கடமை கிறிஸ்தவ சமூகம் முழுவதற்கும் உரியது என்று திருச்சபைச் சட்டத்தின் 233ஆம் இலக்கம் கூறுகையில், அந்தத் தாயின் சுமையைப் பங்குச் சபையில் ஒருநாளாவது நான் எடுத்துப் பேசியிருக்கலாம்.

குருமடம் போனவனைத் திரும்பவே விடமாட்டார்கள் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். மெய்யியலுக்கும் இறையியலுக்கும் குறைந்தது ஆறு ஆண்டுகள் செல்கின்றன; 25 வயது நிறையுமுன் குருப்பட்டம் வழங்கப்படுவதும் இல்லை. அந்தக் காலம் முழுவதும், வேண்டாமென்று திரும்பி வர வழி உண்டு. திரும்பி வந்தவனைத் தோற்றவனாகப் பார்க்கும் நம் ஊர்ப்பேச்சுத்தான் முதலில் நிற்க வேண்டும்.

அழைத்தலுக்கான சுவரொட்டியைப் பார்த்து எவனும் குருவாக விரும்புவதில்லை. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் மாணவர்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய, 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போன இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட்டைப் போன்றவர்களை அருகில் கண்ட பிள்ளைகளுக்கு, குருத்துவம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே பங்குத்தந்தையரிடம் ஒரு வேண்டுகோள்: பீடப்பணியாளர்களை மட்டுமல்ல, அவர்களின் தாய் தந்தையரையும் ஒருநாள் குருமடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ளவர்களின் பெற்றோர் வீட்டுக் கடமைகளை எப்படிச் சமாளித்தார்கள் என்று அவர்கள் நேரிலேயே கேட்டறியட்டும். எங்கள் பங்கிலிருந்து புறப்படும் பஸ்ஸுக்கு ஆகும் செலவில் பாதியை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியர்,
மட்டக்களப்பு.