கோடு கிழித்தவர்களும் பெண்கள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவிகள் போட்டி விளையாட்டிலிருந்து விலக்கப்பட்டது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆண்கள் தடுத்தார்கள், பெண்கள் போராடினார்கள் என்று ஒரே வரியில் அது கதையை முடித்துவிட்டது. நடந்தது அவ்வளவு எளிதல்ல. கல்லூரிகளுக்கு இடையே மாணவிகள் மோதுவதை நிறுத்தியதில் முன்வரிசையில் நின்றவர்கள் பெண் உடற்கல்வி இயக்குநர்கள். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாற்றில் பாதிகூடப் புரியாது.

1873-இல் எட்வர்ட் கிளார்க் என்ற பாஸ்டன் மருத்துவர் ஒரு நூல் எழுதினார். இளம்பெண் ஆண்களைப் போலப் படிப்பில் மூழ்கினால், கருப்பைக்குச் சேரவேண்டிய சக்தி மூளைக்குப் போய்விடும் என்பது அவர் வாதம். புதிதாகத் திறந்திருந்த பெண்கள் கல்லூரிகளுக்கு இது பெரிய அடி. படித்தாலும் உடம்பு கெடாது என்று காட்டியாக வேண்டிய நிலை. அதனால்தான் உடற்பயிற்சிக் கூடம் கட்டாயமானது. உயரம், எடை, நுரையீரல் கொள்ளளவு, கைப்பிடி வலு எல்லாம் அளந்து பதிவேட்டில் ஏற்றப்பட்டன. ஆக, உடற்கல்வி அந்தக் கல்லூரிகளுக்குள் விளையாட்டாக நுழையவில்லை, மாணவியின் உடல்நலத்துக்கு அத்தாட்சியாக நுழைந்தது. அங்கே ஒரு மாணவி மயங்கி விழுந்தாலும் கிளார்க் சொன்னது சரிதான் என்று ஊர் பேசும். அந்த அச்சத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியது 1891 டிசம்பரில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில். அடுத்த ஆண்டே பக்கத்து ஊரில் இருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை சென்டா பெரென்சன் அதை மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதிய ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆட்டம் தொடங்கப் பந்தை மேலே வீசியபோதே பெரென்சனின் கை, துள்ளி எழுந்த மைய ஆட்டக்காரியின் கையில் இடித்து, அந்தப் பெண்ணின் தோள் மூட்டு விலகிவிட்டது.

பெரென்சன் வகுத்த விதிகள் இன்னும் நெருக்கமாகப் பார்க்கத் தக்கவை. ஆடுகளத்தைக் குறுக்கே இரண்டு கோடு போட்டு மூன்றாகப் பிரித்தார். பந்து கோட்டைத் தாண்டலாம். ஆட்டக்காரி தாண்டக் கூடாது. எதிராளியின் கையில் இருக்கும் பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று நொடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது, மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது. இதில் உண்மையான புத்திசாலித்தனம் இருக்கிறது. திறமைசாலி ஒருத்தியே பந்தை வைத்துக்கொண்டு களம் முழுக்க ஓட முடியாது, எல்லோர் கைக்கும் பந்து வரும். குறையும் அதே கோட்டில்தான் இருந்தது. தடுப்பாட்டக்காரி வருடக்கணக்கில் ஆடினாலும் ஆட்டத்தில் ஒருமுறைகூடக் கூடையை நோக்கி எறிய மாட்டாள். வேகமாக ஓடிவருகிறவள் கோட்டின் விளிம்பில் உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். கால் பட்டால் தவறு. களத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் ஓடிப் பழகியவளுக்கு முழுக்கள ஆட்டத்துக்கான மூச்சு எங்கிருந்து வரும்? பெண்களுக்குத் தம் கட்ட முடியாது என்று பிறகு சொன்னவர்கள், அப்படிப் பழக்கியது யார் என்று யோசிக்கவே இல்லை.

நியூ ஆர்லியன்ஸின் நியூகோம் கல்லூரியில் கிளாரா பேயர் 1895-இல் வெளியிட்ட விதிகள் இதையும் மிஞ்சின. நெய்ஸ்மித்தின் வரைபடத்தில் யார் எங்கே நின்றால் நல்லது என்பதற்காகப் போட்டிருந்த புள்ளிக்கோடுகளை அவர் தாண்டக் கூடாத எல்லைகள் என்று எடுத்துக்கொண்டு, களத்தைப் பல கட்டங்களாக்கிவிட்டார்.

கல்லூரிகளுக்கு இடையேயான முதல் பெண்கள் கூடைப்பந்து ஆட்டம் 1896 ஏப்ரல் 4 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. அணிக்கு ஒன்பது பேர். பெர்க்லியை ஸ்டான்ஃபோர்டு 2-1 என்று வென்றது. சுமார் 700 பெண்கள் பார்த்தார்கள், இங்கும் ஆண்களுக்கு அனுமதி இல்லை. மூன்றே ஆண்டில், 1899-இல், மாணவிகள் வெளியணிகளோடு மோதுவதை ஸ்டான்ஃபோர்டு நிறுத்தியது.

பெண் இயக்குநர்களின் கண்முன் இருந்த மாதிரி ஆண்களின் கல்லூரி விளையாட்டு. டிக்கெட் வசூல், கூலிப் பயிற்சியாளர், பந்தயம், காயம். 1905-இல் அமெரிக்கக் கால்பந்து (கையில் பந்தோடு மோதி ஆடும் முரட்டு ஆட்டம்) மைதானச் சாவுகள் பெருகி, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. நம் மாணவிகளுக்கு இது வேண்டாம் என்று அந்தப் பெண்கள் நினைத்ததில் தப்பே இல்லை. பதினைந்து பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்துவிட்டு மீதி ஐந்நூறு பேரை வேடிக்கை பார்க்க விடுவதா என்ற அவர்கள் கேள்வி இன்றைக்கும் நியாயமானது. வெல்லெஸ்லி கல்லூரியின் லூசில் ஈட்டன் ஹில் 1903-இலேயே இதை அழுத்தமாகச் சொன்னார். பதவி பற்றிய கவலையும் இருந்தது: பெண்கள் அணி வசூல் தரத் தொடங்கினால் அது ஆண்களின் விளையாட்டுத் துறைக்குக் கைமாறும், தங்கள் சொல் எடுபடாது.

1922-இல் பாரிஸில் நடந்த பெண்கள் உலக விளையாட்டுப் போட்டிக்கு ஓர் அமெரிக்க அணி, ஆண் மருத்துவர் ஒருவர் தலைமையில் போய்வந்தது. பெண் உடற்கல்வியாளர்கள் கொதித்தார்கள். 1923 ஏப்ரலில், பின்னாளில் அதிபரான ஹெர்பர்ட் ஹூவரின் மனைவி லூ ஹென்றி ஹூவர் வாஷிங்டனில் மாநாடு கூட்டினார். பெண்கள் விளையாட்டைப் பெண்களே நடத்த வேண்டும், மருத்துவச் சோதனை இல்லாமல் யாரும் களமிறங்கக் கூடாது, நுழைவுக் கட்டண வசூலும் வெளியூர்ப் பயணமும் வேண்டாம் என்று முடிவானது. உடற்கல்வி இயக்குநர் மேபல் லீ எடுத்த கணக்குப்படி, 1923-இல் 22 சதவீதக் கல்லூரிகளில் இருந்த வெளிப்போட்டி 1930-இல் 12 சதவீதமாகச் சுருங்கியது.

அதற்குப் பதிலாக வந்தது 'விளையாட்டு நாள்'. பல கல்லூரி மாணவிகள் ஓரிடத்தில் கூடுவார்கள். கல்லூரி அணியாக அல்ல. வந்ததும் நிற நாடா கொடுத்துக் கலந்து பிரித்துவிடுவார்கள். சிவப்பு அணியில் மூன்று கல்லூரிப் பெண்கள், பச்சையில் மூன்று கல்லூரிப் பெண்கள். குறுகிய நேர ஆட்டங்கள், கடைசியில் தேநீர். வெற்றிக்கு மதிப்பே கிடையாது. சிக்கல் ஆடும்போது தெரியும்: பக்கத்தில் நிற்பவள் இடது பக்கம் ஓடுவாளா, வலது பக்கமா என்று தெரியாமல் பந்தை எப்படி எறிவது? ஒரு குழு ஒத்திசைவதற்குள் விசில் ஊதிவிடும். 'தந்திப் போட்டி' என்றும் ஒன்று இருந்தது. வில்வித்தை, நீச்சல் போன்றவற்றில் அவரவர் கல்லூரியிலேயே ஆடி, முடிவைத் தந்தியில் அனுப்பி ஒப்பிடுவார்கள். பயணமும் இல்லை, கூட்டமும் இல்லை, எதிராளியின் முகமும் இல்லை.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் கூட்டமாக மயங்கி விழுந்தார்கள் என்று கட்டுரையில் இருக்கிறது. இதைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். இறுதிச் சுற்றில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். வென்ற ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடியில் உலக சாதனை படைத்தார். பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய செய்தியை வைத்தே அந்த ஓட்டம் 1960 வரை ஒலிம்பிக்கில் இல்லாமல் போனது. அமெரிக்கப் பெண் உடற்கல்வியாளர்களும் 1932 ஒலிம்பிக்கில் பெண்கள் பங்கேற்பதை எதிர்த்து எழுதினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாணவிகளுக்குப் போட்டி வேண்டாம் என்ற கருத்து எட்டாத இடங்களில் போட்டி உயிரோடு இருந்தது. அயோவா மாநிலச் சிற்றூர்களின் பள்ளி நிர்வாகிகள், அவர்களெல்லாம் ஆண்கள், 1925-இல் மாணவிகளுக்கென்றே தனிச் சங்கம் தொடங்கிப் போட்டிகளைக் காப்பாற்றினார்கள். கறுப்பினத்தவருக்கான வட கரோலினாவின் பென்னெட் கல்லூரி 1934-இல், டென்னிஸிலும் புகழ்பெற்ற கறுப்பின வீராங்கனை ஓரா வாஷிங்டன் ஆடிய பிலடெல்பியா அணியோடு மோதியது. அதேபோல் கறுப்பினத்தவருக்கான, அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிலையம் 1929-இல் பெண்களுக்குத் தடகளம் தொடங்கி, 1937-இல் தேசியப் பட்டத்தையே வென்றது. அங்கே பயின்ற ஆலிஸ் கோச்மன் 1948-இல் லண்டனில் 1.68 மீட்டர் உயரம் தாண்டி, ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். ஸ்மித், வெல்லெஸ்லி, ஸ்டான்ஃபோர்டு என்று மூன்று பெயர்களோடு நின்றுவிட்ட அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், டஸ்கீகிக்கும் பென்னெட்டுக்கும் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வித் துறை வாசகர்