இரவு இரண்டு மணிக்கு வந்த எண்

அன்பு மகளுக்கு,

நேற்று முன்தினம் இரவு இரண்டு மணிக்கு நீ பதறிப்போய் அழைத்ததையும், தூக்கக் கலக்கத்தில் நான் கடுமையாகப் பேசிவிட்டதையும் நினைத்தே இதை எழுதுகிறேன். என் சர்க்கரை 58 என்று உன் கைப்பேசி காட்டியிருந்தால் நீ அழைத்தது சரிதான். ஆனால் எழுந்து விரலில் குத்திப் பார்த்தபோது மீட்டரில் 112 இருந்தது. சர்க்கரையை இடைவிடாமல் அளந்து நம் கைப்பேசிகளுக்கு அனுப்பும் சென்சாரை ஒட்டிய கையின் மேல் ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். அழுத்தம் பட்ட இடத்தில் அது இல்லாத தாழ்வைக் காட்டும். அப்படி வரும் தாழ்வு வரைபடத்தில் செங்குத்தாக இறங்கி, புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் மேலேறிவிடும். உண்மையான தாழ்வு பெரும்பாலும் சரிவாக இறங்கும்.

இன்னொன்றையும் நீ அறிந்திருக்க வேண்டும். அந்தச் சென்சார் இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீரில் இருக்கும் குளுக்கோஸைத்தான் அளக்கிறது. இரத்தத்தில் நிகழும் மாற்றம் அங்கே வந்து சேரச் சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதால், சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் நீ பார்ப்பது சற்று முந்தைய நிலையையே. ஆகவே எண்ணைவிட, சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும், அதன் அருகிலுள்ள அம்புக்குறியைப் பார். அம்பு படுத்திருக்கும் 85 என்னை ஒன்றும் செய்யாது; அம்பு நேராகக் கீழ்நோக்கும் 110 வந்தால்தான் நான் குளுக்கோஸைத் தேடி எழ வேண்டும்.

இவ்வளவு குறை சொல்வதால் இக்கருவி வேண்டாம் என்கிறேன் என்று எண்ணிவிடாதே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்த, அந்த மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 7 சதவீதம் வந்தபோதெல்லாம் மருத்துவரும் நானும் மகிழ்ந்தோம். 7 சதவீதம் என்பது ஏறத்தாழ 154 என்ற சராசரி. நாள் முழுதும் அதன் அருகிலேயே இருப்பவருக்கும், 60க்கும் 250க்கும் இடையே ஊசலாடுபவருக்கும் அந்தச் சராசரி ஒன்றாகவே வரக்கூடும். நான் இரண்டாம் வகை என்பது சென்சார் ஒட்டிய முதல் வாரத்திலேயே தெரிந்தது. விடியற்காலை மூன்று மணியளவில் என் சர்க்கரை 60க்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. நனைந்த சட்டையோடும் தலைவலியோடும் எழுந்த காலைகளை நான் வயதின் கோளாறு என்று எண்ணியிருந்தேன். வரைபடத்தைப் பார்த்த மருத்துவர் இரவு இன்சுலினைக் குறைத்தார், அந்தக் காலைகள் நின்றன. இதை விரல் குத்திக் கண்டுபிடித்திருக்க முடியாது, தூங்குகிறவன் எங்கே குத்திப் பார்ப்பது?

என்னைச் சங்கடப்படுத்துவது வேறு. உணவுக்குப் பிறகு 190 என்று ஏறியதும் "என்ன சாப்பிட்டீர்கள் அப்பா?" என்று உன் செய்தி வந்துவிடுகிறது. அக்கறையால்தான் கேட்கிறாய். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கேள்விக்கு அஞ்சி இருமுறை கைப்பேசியின் புளூடூத்தை வேண்டுமென்றே அணைத்து வைத்தேன். கண்காணிக்கப்படுகிறோம் என்ற எண்ணம் வந்தால் கருவியிடமிருந்தே ஒளியத் தோன்றுகிறது. அப்போது உண்மையான ஆபத்தும் உனக்குத் தெரியாமல் போகும்.

ஆகவே இப்படிச் செய்வோம். என் கைப்பேசியில் 70க்கே எச்சரிக்கை ஒலிக்கட்டும். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்துக்கொள்வேன். உன்னுடையதில் 55க்கு மட்டும் ஒலிக்கும்படி வைத்துக்கொள். அது ஒலித்தால் எந்த நேரமானாலும் அழை. நான் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டாரை அழை, சாவி அவர்களிடம் இருக்கிறது. உயர்வுக்கான எச்சரிக்கையை முழுவதுமாக அணைத்துவிடு.

அதற்குப் பதிலாக 14 நாளுக்கு ஒரு முறை செயலி தரும் அறிக்கையை இருவரும் சேர்ந்து பார்க்கலாம். 2019இல் வெளியான பன்னாட்டு நிபுணர் பரிந்துரைப்படி, பெரும்பாலானோருக்கு நாளில் 70 சதவீதத்துக்கும் மேலான நேரம், அதாவது ஏறத்தாழ 17 மணி நேரம், சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையில் இருக்க வேண்டும். என்னைப் போன்ற முதியோருக்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் போதும். ஆனால் 70க்குக் கீழே இருக்கும் நேரம் ஒரு சதவீதத்துக்கும், அதாவது நாளுக்குக் கால் மணி நேரத்துக்கும், குறைவாக இருக்க வேண்டும். எங்களுக்கு உயர்வைவிடத் தாழ்வே உடனடி ஆபத்து என்பதால்தான் இந்த வேறுபாடு. என் 190க்காக நீ அவ்வளவு கவலைப்பட வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

ஊசியே இல்லாமல் சர்க்கரையை அளக்கும் கைக்கடிகாரம் ஒன்றை அனுப்புவதாகச் சொன்னாயே, அதை வாங்காதே. அப்படித் தானாகவே அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி அளித்ததில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பது உனக்கே தெரியும்.

வியாழக்கிழமை காலை பழைய சென்சாரைக் கழற்றிப் புதியதை ஒட்டப்போகிறேன். புதியது தயாராகும் வரை உன் திரையில் எண் எதுவும் வராது. அந்த இடைவெளியைப் பார்த்துப் பயந்துவிடாதே. இம்முறை புளூடூத்தை நான் அணைக்கவில்லை.

அன்புடன்,
அப்பா