கடலடி மணல் வரிகள்: மகனுக்கு ஒரு கடிதம்

தரங்கம்பாடி

அன்புள்ள மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அலைகள் தம் வடிவத்தையே கடலடி மணலில் அச்சாகப் பதித்துவிட்டுப் போகின்றன என்று நீ சொல்லிக் கொடுத்ததாகப் பாப்பா தொலைபேசியில் சொன்னாள். அது சரியன்று. உண்மையில் நடப்பது அதைவிட அழகானது என்பதால் எழுதுகிறேன்.

எட்டு நொடிக்கு ஒன்றாக வரும் அலைக்கு, ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு ஏறத்தாழ 100 மீட்டர் இருக்கும். அதில் பாதியளவு ஆழம் வரை நீரின் அசைவு எட்டும். மேலே வட்டமாகச் சுழலும் அந்த நீர், கரையோரத்தில் தரையை நெருங்க நெருங்கத் தட்டையாகி, அடியில் முன்னும் பின்னுமாக மட்டுமே போய்வருகிறது. அதற்குப் போதிய வேகம் இருந்தால் மணல் உருளத் தொடங்கி, ஒரு கிளிஞ்சலோ மேடோ தடுக்கும் இடத்தில் சேர்ந்து நிற்கும். எல்லாம் அந்தச் சிறு மேட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

கரையை நோக்கிப் பாயும் நீர் மேட்டைத் தாண்டியதும், மதகைக் கடந்து விழும் காவிரி நீர் கீழே புரள்வதைப் போல, மறுபுறத்தில் படுத்த நிலையில் ஒரு சுழி உருவாகிறது. அது அடிவாரத்து மணலைச் சுரண்டி, சரிவின் வழியே முகட்டை நோக்கி ஏற்றுகிறது. நீர் திரும்பிய கணத்தில் அச்சுழி தரையை விட்டெழுந்து, அள்ளிய மணலோடு முகட்டைக் கடந்து போய்விட, எதிர்ப்புறத்தில் புதிய சுழி பிறக்கிறது. இப்படி இருபுறமும் மாறி மாறிச் சுரண்டப்படுவதால் மேடு உயர்கிறது. சுரண்டிய பள்ளத்துக்கு அப்பால் அடுத்த மேடு தலைகாட்டுகிறது. இப்படி வரிசையாக எழும் மேடுகளே மணல் வரிகள். மேடு சுழியை உண்டாக்க, சுழி மேட்டை வளர்க்கிறது.

இதைக் கண்ணாடித் தொட்டிகளில் பொறுமையாக ஆராய்ந்தவர் ஹெர்தா அயர்ட்டன் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர். 1904இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் தம் கட்டுரையைத் தாமே வாசித்தார்; அங்கு அவ்வாறு வாசித்த முதல் பெண்மணி அவர்தான். இந்தப் பெயரைப் பாப்பாவுக்குக் கட்டாயம் சொல்.

அடியில் நீர் போய்வரும் தொலைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் வரிகளுக்கு இடையிலான தூரம். நீர் 15 சென்டிமீட்டர் நகர்ந்தால் வரிக்கு வரி 10 சென்டிமீட்டர் இருக்கும். 100 மீட்டர் அலையின் அச்சு இவ்வளவு சிறியதாக இருக்க முடியுமா? புயற்காலத்தில் அடிநீரின் வேகம் மிகுந்துவிட்டால் வரிகளே அழிந்து மணல் தட்டையாகிவிடும். முத்துப்பேட்டைப் பக்கத்துச் சேறோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் மணலைப் போல எளிதில் வரியாகத் திரள்வதில்லை. கொள்ளிடத்தில் நீ பார்த்த வரிகள் வேறு வகை. ஆறு ஒரே திசையில் ஓடுவதால் அவற்றில் நீர் வரும் பக்கம் மெல்லிய சாய்வாகவும் நீர் போகும் பக்கம் செங்குத்தான சரிவாகவும் இருக்கும். அலையின் வரிகளுக்கோ இருபுறமும் ஏறக்குறைய ஒரே சரிவு.

ஒரு மீன்தொட்டியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நன்கு கழுவிய மணலைப் பரப்பி, நீரூற்றி, ஒரே சீராக முன்னும் பின்னும் அசைத்துக் காட்டு. மேடு எழுந்ததும் அதன் ஓரத்தில் ஒரு சொட்டு மையை விட்டால், சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைப் பாப்பா தானே கண்டுகொள்வாள்.

அன்புடன்,
அப்பா