சூனியக்காரிக்கு வெள்ளைச்சேலை வேண்டாமுங்க

கொங்கு வட்டாரப் பள்ளிகளில் ஆண்டு விழா நாடகம் பழக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கமுங்க. ஈரோடு, கோபி, பொள்ளாச்சி என்று எந்தப் பள்ளி மேடையைப் பார்த்தாலும் ஒரு சூனியக்காரி வந்துவிடுகிறாள். வரட்டும், கதைக்கு வேண்டும். அவளுக்கு நீங்கள் போடும் வேஷம்தான் உறுத்துகிறது: வெள்ளைச்சேலை, விரித்த நரைமுடி, கூன் முதுகு, ஊன்றுகோல். கொஞ்சம் கீழே பாருங்கள். ரவிக்கை போடாமல் வெள்ளைச்சேலை சுற்றிய அம்மிச்சிகள் இரண்டு பேராவது பேத்தி ஆடுவதைப் பார்க்க உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் பிள்ளைகள் விரட்டியடிப்பது அந்த உருவத்தைத்தான்.

மற்ற ஊர்களில் இவள் எப்போதோ மாறிவிட்டாள். 1939-ல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' என்ற ஹாலிவுட் படம் அவளுக்குப் பச்சை முகம் கொடுத்தது. அதே சூனியக்காரியின் தரப்பைச் சொல்லி 1995-ல் 'விக்கெட்' நாவல் வந்தது. 2003-ல் இசை நாடகம், 2024-ல் சினிமா. அதில் அவள் பச்சையாகப் பிறந்ததற்காக ஒதுக்கப்பட்ட பெண்.

பழைய படத்தில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் உங்கள் கட்சிதான், சினிமாவுக்கு முன் மழலையர் பள்ளி ஆசிரியை. 1975-ல் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், சாதாரண உடுப்பில் வந்து உட்கார்ந்து, கறுப்புப் பாவாடை, மேல்சட்டை, தொப்பி என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். எல்லாம் வேஷம்தான் என்று பிள்ளைகளுக்குப் புரிய வைத்தார். உங்கள் ஒத்திகையிலும் இதைச் செய்யலாம், செலவில்லை.

"வேஷம்தானுங்களே, விடுங்க" என்பீர்கள். ஜார்க்கண்டில் சுட்னி மஹதோவுக்குச் சூனியக்காரிப் பட்டம் கட்டிச் சித்திரவதை செய்து ஊரைவிட்டே விரட்டினார்கள். அதே கதிக்கு ஆளான பெண்களை மீட்டதற்கு 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் பக்கம் அவ்வளவு தூரம் போவதில்லை, சரி. ஆனால் எருமைக்குப் பால் வற்றினால் "ஆரோ செய்வினை வெச்சுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே, தனியாகக் குடியிருக்கும் கிழவி வீட்டுப் பக்கம் திரும்பும் கண்கள் இங்கேயும் உண்டு.

பச்சைச் சாயம் பூசுங்கள், கறுப்பு அங்கி மாட்டுங்கள், இளவட்டமாகக்கூட ஆக்குங்கள். முடிந்தால் அவள் தரப்பையும் ஒரு காட்சி பேச விடுங்கள். ஊருக்குப் பச்சிலை அரைத்துக் கொடுத்தவளை யார், எதற்காக விரட்டினார்கள் என்று பிள்ளைகளே வசனம் எழுதட்டும். அப்புறம், நாடகத்துக்குப் பழைய வெள்ளைச்சேலை இருக்குமா என்று எங்கள் வீட்டுக்கு மட்டும் ஆள் அனுப்பாதீர்கள். எங்கள் அம்மிச்சி தரமாட்டாங்க.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் தகப்பன்