பிரா தோ காட்டில் ஒரு விண்வெளிக் கல்வி மையம் வேண்டும்

மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்களுக்கும், மொரீஷியஸ் ஆராய்ச்சி, புத்தாக்க மன்றத்தினருக்கும், மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தாருக்கும்,

வணக்கம். நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை. காவடி விழாவுக்கு முந்தைய வாரம், தை மாதப் பௌர்ணமி நிலவு பூச நட்சத்திரத்தை அடுத்து வருவதால்தான் தைப்பூசம் என்ற பெயர் என்று வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். "பூசம் எங்கே இருக்கிறது, மிஸ்?" என்று ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கேட்டான். எனக்குக் காட்டத் தெரியவில்லை. பல ஆண்டுகளாக அந்தப் பெயரைச் சொல்லித் தந்தவளுக்கு அது வானத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

நம் தீவுக்கு விண்வெளி புதிதன்று. 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்ததை அளக்க டேவிட் கில் போன்ற வானியலாளர்கள் இங்கே வந்து முகாமிட்டார்கள். 2021 ஜூன் 22 அன்று நம் முதல் செயற்கைக்கோள் மிர்-சாட் 1, பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் ஜப்பானியப் பகுதியிலிருந்து விண்ணில் விடப்பட்டது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத பெட்டி அது! அந்தச் செய்தியைக் கேட்டு நான் கண்கலங்கினேன்.

வடகிழக்கே பிரா தோ காட்டில் நிற்கும், விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நம் பல்கலைக்கழகமும் பெங்களூரின் இராமன் ஆய்வு நிறுவனமும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய அது 1992 முதல் இயங்கியது. கிழக்கு மேற்காக 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் 1,024 சுருள் ஆன்டெனாக்கள். தெற்கே 880 மீட்டருக்குத் தண்டவாளம், அதன்மேல் நகரும் தள்ளுவண்டிகளில் மேலும் சில சுருள்கள். வண்டிகளை இடம் மாற்றி மாற்றிப் பதிவு செய்து, எல்லாவற்றையும் பின்னர் கணினியில் கோத்து, 151.5 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் தென்வானத்தின் படத்தை உருவாக்கினார்கள். வடக்கே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எடுத்த வானப் படத்துக்குத் தெற்கிலிருந்து இணை தந்தது இந்தச் சின்னத் தீவு. சர்க்கரை எப்படிக் காய்ச்சினார்கள் என்று பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோமே, இதைப் பார்க்கவும் அழைத்துப் போக வேண்டாமா?

அந்த இடத்தின் அருகிலேயே மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பார்வையாளர்களுக்குமான விண்வெளிக் கல்வி மையம் ஒன்றை அமையுங்கள் என்பதே என் வேண்டுகோள். தலைநகர் போர்ட் லூயியின் பெல் வில்லேஜில் ராஜீவ் காந்தி அறிவியல் மையம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் போர்ட் லூயியின் விளக்குகளுக்கு நடுவே இரவு வானத்தைப் பார்க்க முடியாது.

பெரிய கட்டடத்தில் தொடங்க வேண்டாம். ஆசிரியர்களிடமிருந்து தொடங்குங்கள். மூன்று நாள் அங்கே தங்கிக் கற்றுத் திரும்பும் ஓர் ஆசிரியர், ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் ஒரு வகுப்புக்குக் கற்பிப்பார். நம் நாட்டின் ரோட்ரிக்ஸ் தீவிலிருந்து வருபவர்களுக்குப் படுக்கையும் பயணச் செலவும் தர வேண்டும். அவர்களை மறந்துவிட்டுப் பிறகு சேர்க்கும் வழக்கம் இதிலாவது வேண்டாம்.

கற்பிக்க விலையுயர்ந்த கருவிகளும் தேவையில்லை. நாம் 'பராபோல்' என்கிற டிவி டிஷ்ஷில் சிக்னல் பார்க்கும் மீட்டரை மாட்டிச் சூரியன் பக்கம் திருப்பினால் முள் ஏறும். சூரியனும் ரேடியோ அலை வீசுகிறது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும். நட்ட குச்சியின் நண்பகல் நிழல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கே விழும். நவம்பர் பிற்பகுதியிலும் ஜனவரி பிற்பகுதியிலும் ஏறக்குறைய காணாமலே போகும். வடகோளத்தில் அச்சான புத்தகத்தில் வளர்பிறை வலப்புறம் ஒளிர்கிறது. வடக்கு நோக்கி நின்று பார்த்தால் நம் வானத்தில் இடப்புறம். படத்தை நம்புவதா கண்ணை நம்புவதா என்று தெரியாமல் பிள்ளைகள் விழிக்கிறார்கள். மெகல்லன் மேகங்கள் என்ற இரண்டு அண்டை விண்மீன் பேரடைகள் (கேலக்ஸிகள்), தமிழகத்து உறவினர்கள் தங்கள் ஊரில் எளிதில் காண முடியாதவை, இங்கே வெறுங்கண்ணுக்குத் தெரிகின்றன.

விளக்கங்கள் நாம் அன்றாடம் பேசும் கிரியோல் மொழியில் இருக்கட்டும்; எல்லாப் பிள்ளைக்கும் புரியும். கூடவே நம் பாட்டிமார் சொன்ன பெயர்களுக்கும் இடம் கொடுங்கள். முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவரும் அங்கே மேலே இருக்கிறார்கள் என்று காட்டினால், என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வானம் சொந்த வீட்டு முற்றமாகிவிடும். இந்தி, தெலுங்கு, சீனம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலும் இப்படிப் பெயர்கள் உண்டு.

மையம் எழும்பக் காலம் ஆகும் என்பது தெரியும். அதுவரை ஓர் இரவு மட்டும் கேட்கிறேன். பௌர்ணமியன்று நிலவொளியில் பூசம் மங்கிவிடும். ஆகவே வரும் தைப்பூசம் கழிந்து ஏழெட்டு நாளில், நிலவு எழ நள்ளிரவாகும் ஓர் இரவில், பிரா தோவின் வாயிற்கதவை எங்களுக்காகத் திறந்து வையுங்கள். பஸ்ஸையும் பைனாகுலரையும் நாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம். கேள்வி கேட்ட அந்தச் சிறுவனும் வருவான்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை