ஜூடோவுக்கு ஓட்டம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

ஜூடோ பழகும் பிள்ளைகளை சங்குத்துறை கடற்கரை மணலில் நெடுநேரம் ஓடவிட்டால் மட்டும் போதாது. பெரியவர்களுக்கான போட்டி 4 நிமிடம். சமநிலையானால் வரும் கோல்டன் ஸ்கோருக்கு, அதாவது முதலில் புள்ளி எடுப்பவர் வெல்லும் கூடுதல் ஆட்டத்துக்கு, நேர வரம்பே இல்லை. ஒவ்வொரு மல்லுக்கட்டும் இருபது, முப்பது நொடி நீளும், நடுவர் நிறுத்தினால் சற்றே மூச்சு விடலாம். பயிற்சியும் அப்படியே அமையட்டும்: 30 நொடி முழுவேக உச்சிகோமி (எதிராளியை வீழ்த்தாமல், வீசும் அசைவை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது), 15 நொடி ஓய்வு, 6 முறை.

எதிராளியின் அங்கியை இறுகப் பற்றுவதால் முதலில் தளர்வது முன்கைதான். ஜூடோ அங்கியைக் கம்பியில் போட்டு, அதைப் பற்றித் தொங்கி உடலை மேலே இழுக்க வேண்டும். 5 முறை வீதம் 4 சுற்று, வாரம் இருமுறை. தினமும் செய்தால் முழங்கைத் தசைநாண் புண்ணாகலாம்.

குறைந்த எடைப்பிரிவில் சேர்ப்பதற்காகத் தண்ணீரை நிறுத்தி வியர்க்க வைப்பது, நம் கடலோரப் புழுக்கத்தில் உயிருக்கே ஆபத்து. பெற்றோர் இதற்குச் சம்மதிக்கவே கூடாது. பள்ளி மைதானங்களில் உறுதியான கம்பியும் ஏறு கயிறும் அமைத்துத் தர மாவட்ட நிர்வாகத்தை வேண்டுகிறோம்.

ஜூடோ பயிற்றுநர்கள்,
நாகர்கோவில்